இடமிருந்தும் நிறைந்துபோன பென் டிரைவ்

சுனாமி அடித்த கிழமை கல்முனையில் எங்கள் வீதியில் ஜெனரேட்டர் போட்டுத் திறந்திருந்தது என்னுடைய கொம்பியூட்டர் திருத்தும் கடை மட்டும்தான். சாய்ந்தமருதில் இறந்தவர்களின் ஜனாஸாக்களை அடக்கிய குழுவின் தலைவர் ஹாஜியார் ஒரு பென் டிரைவும் கெமராவுமாக வந்தார். இரண்டிலும் இருந்தவை அடக்குமுன் எடுத்த படங்கள். உறவினர் தேடி வந்தால் காட்டுவதற்கு. வேறு பிரதி கிடையாது. படமெடுத்துப் பெயர் போட்ட நஸ்ரின் டீச்சரும், மனைவியைத் தேடி அலைந்த மீன்பிடிக்காரர் உதுமான் காக்காவும் கூட வந்தார்கள்.

"டிஸ்க் ஃபுல் எண்டு சொல்லுது தம்பி. கெமராவும் நிறைஞ்சிட்டு. அங்க இன்னும் மையித்து வந்துக்கிட்டிரிக்கி," என்றார் ஹாஜியார்.

பார்த்தால் பாதிக்கு மேல் இடம் சும்மா கிடந்தது. பிறகு ஏன் நிறைந்தது என்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"முகம் தெரியாத படங்கள அழிச்சு விடுங்க. அதால ஆருக்குப் பிரயோசனம்?" என்றார் ஹாஜியார்.

"வேணாம் ஹாஜியார்," என்றார் டீச்சர். "பொம்புளைகள்ட முகத்த ஊரெல்லாம் பாக்கக் கூடாதெண்டு நான் கையையும் உடுப்பையும்தான் எடுத்த. முகமில்லாததெல்லாம் எங்கட பொண்டுகள்."

ஹாஜியார் கெமராவை என் மேசையில் வைத்தார்.

ஒவ்வொரு படத்துக்கும் டீச்சர் நீளநீளமாகப் பெயர் வைத்திருந்தார்: உடுத்த உடுப்பு, நகை, உடம்பிலுள்ள அடையாளம், கண்டெடுத்த இடம். எல்லாப் படமும் ஃபோல்டர் இல்லாமல் வெளியிலேயே கிடந்தது. அது FAT16 என்ற பழைய முறையில் பதியும் டிரைவ். அதில் ஃபோல்டருக்கு வெளியே இத்தனை பெயர்தான் பதியலாம் என்று ஒரு எல்லை உண்டு; ஃபோல்டருக்குள் அந்த எல்லை இல்லை. நீளமான பெயர் ஒன்றே பல பெயர்களின் இடத்தைப் பிடித்துவிடும். படத்துக்கு இடமிருந்தது, பெயர் பதியத்தான் இடமில்லை. புது ஃபோல்டர்கூடப் போட முடியவில்லை. சில படங்களை என் மெஷினில் பிரதி எடுத்துச் சரிபார்த்து, டிரைவிலிருந்து அவற்றை எடுத்துவிட்டு, ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் தள்ளினேன். கெமராவில் இருந்ததும் ஏறியது.

டீச்சர் பெயர்களை வாசித்துக்கொண்டு போனார். மணிக்கட்டில் சூட்டுத் தழும்பு என்ற இடத்தில் உதுமான் காக்கா கையை உயர்த்தினார். படத்தைத் திறந்தேன். திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்.

"இவதான். எங்க அடக்கின?"

டீச்சர் இடத்தைச் சொன்னார். உதுமான் காக்கா அந்தக் கபுறடிக்குப் போனார்.

வேலை பழக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிஸ்க் ஃபுல் என்று வந்தால், ஏனென்று தெரியுமட்டும் ஒன்றையும் அழிக்காதீர்கள். அன்று நான் அழித்திருந்தால் உதுமான் காக்கா இன்றைக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்.