ரவுட்டருக்குக் கொடுத்த மரியாதை

கிர்கிஸ்தானில் எங்கள் ஊரான கொச்கொரில் ஜெர்மன் மொழி கேட்டுப் பழகிய ஒரே பசு ஜிபார் வீட்டுப் பசுதான். காலையும் மாலையும் பால் கறக்கும்போது அவள் அதனிடம் ஜெர்மனில் பேசுவாள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு வருடம் ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். ஊருக்கு வந்த நான்காவது மாதம் மக்சத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு எட்டு வருடம். அந்த மொழியைக் காது கொடுத்துக் கேட்க வேறு யாரும் கிடைக்கவில்லை.

அவர்களுக்கு அடுத்த வீடு எங்களுடையது. நான் ஆறு வருடம் இஸ்தான்புல், வார்சா என்று வேலை மாற்றி ஊர் மாற்றித் திரிந்துவிட்டு அந்த மே மாதம்தான் திரும்பியிருந்தேன். ஜிபாரின் மாமியார் சய்ரா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஊர்சுத்தி, டீ குடிச்சியாடி?" என்பார். நாங்கள் எல்லோருமே அவரை அபா, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவோம். மருமகளுக்கும் அவர் அபாதான்.

மக்சத் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். ஆகஸ்டில் ஜிபாரும் வந்துவிட வேண்டும், தையல் பட்டறையில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தான். மகள் அய்பீகேவுக்கு ஆறு வயது. செப்டம்பர் முதல் தேதி ஒன்றாம் வகுப்பு. தலையில் வெள்ளை ரிப்பன் கட்டி, கையில் பூங்கொத்து கொடுத்துப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் கொண்டுபோய் விடுகிற அந்த நாளில் ஜிபார் ஊரில் இருக்க மாட்டாள். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதனால் யாரும் அதைப் பெரிய துக்கமாகப் பேசுவதில்லை. ஜிபாரும் பேசவில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் இணையத்தில் ஒரு வேலை தேடிக் கண்டுபிடித்தாள். ஜெர்மனி மருத்துவமனைகளுக்கு வரும் கிர்கிஸ் நோயாளிகளுக்கு வீடியோவில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை. மொழித் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்து, பதினைந்து நிமிடம் வீடியோவில் பேச வேண்டும். படம் உறையக் கூடாது, குரல் அறுபடக் கூடாது. நான்காவது நிமிடத்தில் படம் உறைந்துவிட்டது. இன்னொரு வாய்ப்பு தருகிறோம், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அதற்குப் பிறகு கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

புதன்கிழமை அவளும் நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனோம். மக்சத் எப்போதோ மாஸ்கோவில் பழசாக வாங்கி அனுப்பியது. அதற்கு வயது பத்தாவது இருக்கும். ரிப்பேர்க்காரர் எர்மெக்கின் கடை, வரிசையாக நிற்கும் இரும்புக் கன்டெய்னர்களில் கடைசி. பக்கத்துக் கன்டெய்னரில் குதிரைச் சேணம் விற்பார்கள். எர்மெக் அடிமூடியைக் கழற்றி உள்ளே ஒரு சின்னப் பச்சைத் தகட்டைக் காட்டினார். வைஃபை கார்டு. பாதித் தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ஜிபார் அதை இப்போதுதான் முதல் தடவை பார்த்தாள்.

எர்மெக் விளக்கியதை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். புது ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசையில் அனுப்புகின்றன. ஒன்று பழைய பாதை. தெருவிலுள்ள எல்லா வீடுகளும் அதில்தான் முட்டி மோதுகின்றன. இன்னொன்று புதுப் பாதை, காலியாக, வேகமாக இருக்கும். ஜிபாரின் கார்டுக்குப் புதுப் பாதை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"அப்ப புதுக் கார்டு போடுங்க பாய்கே," என்றாள் ஜிபார். பாய்கே என்றால் அண்ணன்.

"போடலாம். ஆனா இந்த மாடல் ரொம்ப ரோஷக்காரி. கண்ட கார்டையும் போட்டா எழுந்திரிக்கவே மாட்டா. சொந்தக்காரங்க வீட்டுலேருந்துதான் எடுத்துக் கொடுக்கணும்."

அதே கம்பெனியின் செத்துப்போன லேப்டாப் ஒன்று அவர் அலமாரியில் கிடந்தது. அதிலிருந்து கார்டைக் கழற்றினார். பழையதை எடுத்த இடத்தில் அதைச் சாய்வாகச் செருகி, திருகு போட்டு, முடி மாதிரி மெல்லிய இரண்டு ஒயர்களை, கறுப்பை ஒரு குமிழிலும் வெள்ளையை இன்னொன்றிலும், நகத்தால் அழுத்தினார். டிக் டிக் என்று இரண்டு சத்தம். அவ்வளவுதான். கேபிள் குத்திவிட்டால் இந்த வம்பே இல்லையே என்று நான் கேட்டேன். அந்தத் துளை போன வருடம் மின்னலில் கருகிவிட்டது என்று ஜிபார் சொன்னாள். கடை இணையத்தில் வேகம் பார்த்தார் எர்மெக். முன்பு பன்னிரண்டில் திணறிய முள் நூற்று எழுபதுக்குப் போய் நின்றது. ஜிபார் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். எதிரில் வந்த ஒரு கிழவர், என்ன குழந்தையா என்று கேட்டார்.

வீட்டில் அவள் வேலை செய்யும் இடம் வாசல் பக்கத்து அறை. ஒரு பக்கம் செருப்புகள், ஒரு பக்கம் அடுப்பு. யாராவது வந்தால் எழுந்து டீ ஊற்ற அதுதான் வசதி. எல்லா வீட்டிலும் மருமகள் உட்காருவது வாசலை ஒட்டித்தான். அங்கே உட்கார்ந்து திறந்தோம். புதுப் பாதையின் பெயர் பட்டியலில் வந்தது. கடவுச்சொல் கேட்டது. நான் தட்டச்சு செய்யத் தயாராக, என்ன என்று கேட்டேன். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். மக்சத் தன் அப்பாவின் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை, அவர் போய்ச் சேர்ந்த பிறகும்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருக்கு," என்றாள், தட்டிக்கொண்டே. "தட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

இணைந்தது. ஒரே ஒரு கோடு காட்டியது. பிறகு அதுவும் போயிற்று. மறுபடி வந்தது, போயிற்று. வேகம் பார்த்தால் எட்டு. பழைய கார்டே தேவலை.

ஜிபார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் எர்மெக்குக்குப் போன் செய்தேன். ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். எந்த அறை, எந்த மூலை என்று மறுபடி கேட்டார். பிறகு சிரித்துவிட்டார்.

போன வருடம் இணையம் போட ஆள் வந்தபோது, பெட்டியை எங்கே வைப்பது என்று அபாவிடம் கேட்டிருக்கிறான். இது என்ன என்று கேட்டிருக்கிறார் அபா. உலகத்தில் உள்ளதெல்லாம் இதன் வழியாக வீட்டுக்குள் வரும் என்று அவன் சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்ட விருந்தாளியை வாசலில் வைப்பார்களா? பெரிய அறையின் உட்கோடியில், வாசலைப் பார்த்த மாதிரி இருக்கும் மரியாதை இடமான தோரில் வைக்கச் சொல்லிவிட்டார். அங்கே இரும்புப் பட்டை அடித்த பெட்டி மேல், கூரை தொட அடுக்கிய ஜூக். மெத்தைகள், கம்பளங்கள், கம்பளிப் போர்வைகள், மொத்தம் நாற்பதுக்குக் குறையாது. அந்த அடுக்கின் நடுவே குகை மாதிரி இடம் விட்டு ரவுட்டரை அமர்த்தி, முன்னால் பூப்போட்ட துணியும் தொங்கவிட்டிருந்தார். மாமனார் இருந்தவரை அவர் இடம் அது. இப்போது விருந்தாளிகளுக்கு மட்டும், மருமகள் அங்கே உட்காருவதில்லை.

புதுப் பாதை வேகமானது, ஆனால் சுவரைத் துளைக்கத் தெரியாது என்றார் எர்மெக். நடுவில் இரண்டு மண்சுவர் வேறு, நாற்பது மெத்தை வேறு. வாசல் அறைக்குக் கொண்டு வந்துவிடுங்கள் என்றார்.

அபாவிடம் அதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம்.

"அதைக் கொண்டு போய் செருப்பு பக்கத்துல வைக்கச் சொல்றியா?"

செருப்பிலிருந்து தள்ளித்தான் வைப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அந்தப் பெட்டி வந்த பிறகுதான் மகன் முகத்தைத் தினமும் பார்க்கிறேன், அதை இறக்கி வைக்க மனசு வரவில்லை என்றார். மேலும், முடியைவிட மெல்லிய கண்ணாடி இழை ஒன்று சுவரோடு ஆணியடித்து வந்து ஜூக்குக்குப் பின்னால் நுழைகிறது. இழுத்தால் ஒடியும், ஒடிந்தால் ஆள் வர ஒரு வாரம் ஆகும். இதை எர்மெக்கும் ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை நான் போனபோது ஜிபார் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அபா தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். ஜிபார் கையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். அபா கிளம்பியதும் லேப்டாப்பைத் தோருக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாளாம். நூற்று அறுபத்தெட்டு.

"உக்காந்தா பார்த்த?" என்று கேட்டேன்.

"ஐயோ இல்ல. நின்னுக்கிட்டு."

ஆறு வருடம் வெளியூரில் இருந்தவள் நான். வீட்டில் யாருமில்லாதபோது ஒரு பெண் தன் வீட்டுக்குள்ளேயே ஓர் இடத்தில் ஏன் உட்காரவில்லை என்று எனக்கே கேட்கத் தோன்றவில்லை. நின்றுகொண்டு பார்த்ததுதான் சரி என்று பட்டது.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஜிபார் தன் நல்ல நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். அய்பீகேவை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நான் அங்கே போனேன். அபா பெரிய அறையில் ஜன்னலோரம் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஜிபார் உள்ளே வந்தாள். பூப்போட்ட துணியை விலக்கினாள். ஜூக்கின் ஓரத்தில் முதுகு படாமல் நின்று, இடது முன்கையில் லேப்டாப்பைத் தாங்கி, வலது கையால் திறந்தாள். இரண்டு கிலோ இருக்கும் அது. கனத்தில் அது சாய்ந்தது, திரையில் அவள் முகமும் சேர்ந்து சாய்ந்தது.

அபா சிக்கெடுப்பதை நிறுத்தினார். "இப்படியே நின்னுக்கிட்டா பேசப் போற?"

"பதினஞ்சு நிமிஷந்தான் அபா."

"அப்புறம் வேலை கெடைச்சா?"

ஜிபார் மணியைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வேலை அது. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அபா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எங்களைப் பார்க்கவில்லை. ஜூக்கின் மேலிருந்து மூன்றாவது மெத்தையை உருவினார். சம்பந்தி வீட்டார் வந்தால் மட்டும் இறங்கும் சிவப்புப் பட்டு மெத்தை. தோரில் விரித்தார். சாப்பாட்டுக்குப் போடும் தாழ்வான மேஜையை இழுத்துவந்து முன்னால் போட்டார்.

"உக்காரு."

"அபா, யாராவது வந்தா..."

"வந்தா நான் பார்த்துக்கறேன். நீ போயிட்டா அந்தப் புள்ளைக்கு ரிப்பன் கட்ட எனக்கு விரல் மடங்காது. உக்காரும்மா."

ஜிபார் உட்கார்ந்தாள். முதலில் மெத்தையின் நுனியில், ஒரு காலை மடித்து, எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிற மாதிரி. அபா அவள் தோளைப் பிடித்து அழுத்திப் பின்னால் தள்ளினார். பிறகு என்னையும் பிடித்து வெளியே அழைத்துவந்து கதவைச் சாத்தினார்.

வாசல் அறையில் ஜிபாரின் இடத்தில் அபா உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒரு ஆணின் குரல் ஜெர்மனில் கேட்டது, பிறகு ஜிபார். நிதானமாக, கொஞ்சம் தடித்த குரலில் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அபாவுக்கும் புரியவில்லை, ஆனால் குரல் நிற்கும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான்காவது நிமிடம் கடந்தது. பத்து. நடுவில் ஒருமுறை நீண்ட மௌனம். அபா தலைத்துணியின் நுனியைப் பற்களுக்கிடையே வைத்துக்கொண்டார். உள்ளே ஜிபார் சிரித்தாள்.

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அந்த ஆள் கூடுதலாக ஐந்து நிமிடம் பேசிவிட்டானாம். எங்கே இவ்வளவு நல்ல ஜெர்மன் பழகினீர்கள் என்று கேட்டானாம். பசுவிடம் என்று சொல்ல வந்து சிரித்துவிட்டாளாம். திங்கட்கிழமை முதல் வேலை. அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப ஆகஸ்ட்ல?" என்றார் அபா.

"போகல அபா."

அபா அடுப்பு மேலிருந்த கெட்டிலை எடுத்தார். ஜிபார் கை நீட்டினாள். அபா கொடுக்கவில்லை. தானே ஒரு கிண்ணத்தில் டீ ஊற்றினார், பாதி கொட்டிவிட்டது. அவள் கையில் கொடுத்து, மக்சத்துக்கு யார் சொல்வது, நீயா நானா என்று கேட்டார்.