துவைகல்லில் மழுங்கிய கத்தி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். என் வீட்டுக்காரர் அருளப்பன், இரண்டு வருஷம் தொடர்ந்து மழையில் திராட்சை வெடித்துப்போனதில் மனசு விட்டு, தோட்டத்து மருந்தைக் குடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்த மனுஷன். அதற்குப் பிறகும் நான் சாந்தசொரூபியாக இருக்க வேண்டுமாம்!

அவர் வீடு திரும்பிய அன்றே பிளேடு, கத்தரிக்கோல், கொடி வெட்டும் கவாத்துக் கத்தரி, அரிவாள் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நான் சத்துணவு அமைப்பாளர். வீட்டுக் காய்கறியையும் பள்ளிச் சத்துணவுக் கூடத்திலேயே நறுக்கிக்கொண்டு வருவேன். அவர் முடி திருத்தும் கடைக்கும் வர மறுத்துப் படுத்தே கிடந்தார். தாடி கழுத்தை மறைத்தது. "வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையா?" என்று கோயிலில் கேட்டவர்களிடம் ஆமாம் என்றேன். மாதா மன்னிக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து, குழாய்க்கு மூடி வாங்க அவரைக் கட்டாயப்படுத்திக் கூடலூருக்குக் கூட்டிப்போனேன். பழைய இரும்புக் கடையில் ஒரு மடக்குச் சவரக்கத்தியைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. பிடி பிளந்திருந்தது. அலகு முழுக்கத் துரு, வாழைப்பழத்தைக்கூட அறுக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அவர் ஆசைப்பட்ட முதல் பொருள். தொலையட்டும் என்று வாங்கிக் கொடுத்தேன்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். வாட்டர் பேப்பரால் துருவைத் தேய்த்தெடுத்தார். கொய்யாக் கட்டையை அரத்தால் ராவிப் புதுப் பிடி போட்டார். பிறகு சாணைக்கல்லை நனைத்து, கத்தியைப் படுக்க வைத்து இழுத்தார். கதவில் தொங்கவிட்ட தோல் பெல்ட்டில் தடவினார். முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தபோது ரோமம் உதிர்ந்தது. என் கை பீரோ சாவிக்குப் போனது.

பிடுங்கிப் பூட்டினால் மறுபடி படுத்துவிடுவார். அதனால் அவர் குளிக்கப் போன நேரம் கத்தியைத் துவைகல்லில் நாலு இழுப்பு இழுத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுநாள் விரலால் தடவிப் பார்த்தவர், மறுபடி சாணைக்கல்லை எடுத்தார். அவர் தீட்டுவதும் நான் மழுக்குவதுமாக மூன்று வாரம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கத்தியைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால், தோளில் துண்டோடு பின்னால் நிற்கிறார்.

"நல்லாத் தேயி. அந்த நுனியில இன்னும் கூரு இருக்கு."

"ஆமா, தேய்ப்பேன்! இதை வீட்டுல வச்சுக்கிட்டு என்னால மூச்சுவிட முடியல. போதுமா?"

அவர் துவைகல்லில் உட்கார்ந்தார். "மொதத் தடவையே தெரியும் புள்ள. கோவந்தான் வந்துச்சு. பெறகு பாத்தா, காலைல முழிச்சதும் 'இன்னைக்கும் தீட்டணுமே'ன்னு எந்திரிக்கிறேன். அப்படி எந்திரிச்சு எம்புட்டு நாளாச்சு!"

கத்தியை அவரிடமே நீட்டினேன்.

அவர் தீட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். பீரோவைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து, தாடியை நானே குறைத்துவிட்டேன். அவர் சோப்பு நுரை பூசிச் சவரம் செய்தார். நான் கண்ணாடியைப் பிடித்தேன். கண்ணாடிதான் ஆடியது, அவர் கை ஆடவில்லை.

"நேர்ச்சை முடிஞ்சிருச்சான்னு கோயில்ல கேப்பாக. என்ன சொல்லப்போற?" என்று சிரித்தார். கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, மடக்கி என் கையில் வைத்தார்.

"பீரோவுல பூட்டிக்க. சாவி உங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்குக் காலைல மறக்காம எடுத்துக் குடு."

"நாளைக்கு எதுக்கு?"

"ஏ புள்ள, நாளைக்கும் முளைக்கும்ல?"

துவைகல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பூசைக்கு இரண்டாம் மணி அடித்துவிட்டது.