சீல் கட்டரும் என் மடிக்கணினியும்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் கணினிகளுக்குள் திருடன் நுழைய முடியுமா என்று சோதித்துச் சொல்ல, முதலாளியே கையெழுத்துப் போட்டு என்னை வரவழைத்திருந்தார். ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்டு. காலையில் முதலில் வருகிறவர் திறந்து வைப்பார். சாயங்காலம் வரை எல்லாரும் அதிலேயே வேலை பார்ப்பார்கள். பாஸ்வேர்டு உடைக்கும் என் மென்பொருள், மேனேஜர் டீயை ஆற்றி முடிப்பதற்குள் அதைத் திரையில் காட்டிவிட்டது.

அவர் பதறினார், பாஸ்வேர்டுக்காக அல்ல.

"இன்னா சார் இது, திருட்டுப்பசங்க சாமானு? இத்த வெச்சிகினு கீறதே குத்தம்!"

அவர் தலைக்குப் பின்னால், கன்டெய்னர் கதவில் போட்ட சீலை வெட்டும் பெரிய கட்டர் ஆணியில் தொங்கியது. "அப்போ அது?" என்று காட்டினேன்.

"அத்த கஸ்டம்ஸ்ல சொன்னாத்தான் சார் எடுப்போம்."

"இதையும் உங்க முதலாளி சொல்லித்தான் எடுத்தேன். சட்டம் கேக்கறது அந்த அனுமதியைத்தான்."

சட்டத்தில் ஒரு வரிகூடப் படித்திராத அந்த மேதையின் மண்டையில் அது ஏறவில்லை. முதலாளி வரும்வரை என் மடிக்கணினியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பாஸ்வேர்டை மாற்றவில்லை. "இப்ப சேஃப்பு" என்றபடி, அலமாரிச் சாவியைக் கட்டர் தொங்கிய அதே ஆணியில் மாட்டினார்.