ஒரு பூவுக்கு ஒரு கேள்விதான்

என் மகள் போன் செய்தால் நான் பேசுகிற பேச்சு இவ்வளவுதான். "நல்லா கீறியா?" என்று கேட்பேன். "நல்லா கீறேன்ப்பா" என்பாள். "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பேன். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஜீப்பைத் துடைக்கப் போய்விடுவேன். பல நாள் அதில் துடைக்க ஒன்றும் இருக்காது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே அம்மாவும் மகளும் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து கீழே திருப்பத்தூருக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் என்னுடையது. டிரைவர் வேலை என்பது பேசாமல் இருப்பதற்கு நல்ல வேலை. கண் சாலையில் இருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பின்னால் கல்யாணம், பங்காளிச் சண்டை, புளி விலை என்று பேசிக்கொண்டே வருவார்கள். எல்லாம் என் காதில் விழும். என் வாயிலிருந்து ஒன்றும் வராது. வீட்டுக்குள் வந்தாலும் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. மகள் இங்கே இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்க்கலாம், தூங்குவதைப் பார்க்கலாம். அவள் நர்ஸ் படிப்பு முடித்து, நியூசிலாந்தில் வயதானவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் வேலைக்குப் போன பிறகுதான், பேசாவிட்டால் எங்களுக்குள் ஒன்றுமே மிஞ்சாது என்று தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் போன் வந்தது. அங்கே அப்போது பொழுது சாய்ந்திருக்கும். என் மனைவி சாமைக் காட்டில் களை எடுக்கப் போயிருந்தாள். போனைக் கொடுக்க ஆள் இல்லை. நானும் சும்மா இருந்தேன், அவளும் சும்மா இருந்தாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ப்பா, ஒரு வண்டி பாத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

"டீசலா?"

"கரண்ட்டு வண்டி. கார்."

அங்கே அது குளிர்காலம். விடிவதற்கு முன்னாலேயே பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்கிறது என்றாள். சின்ன காராம். அதைச் செய்கிற நாட்டில் ஓட ஆரம்பித்துவிட்டதாம். ஆனால் அவள் இருக்கிற நாட்டில் இன்னும் ஆர்டர் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அந்த நாட்டில் ஸ்டீயரிங் இடது பக்கம், இவள் நாட்டில் நம்மைப் போல வலது பக்கம், வலது பக்க வண்டியை அவர்கள் பிறகுதான் செய்வார்கள் என்றாள்.

அன்று சாயங்காலம் ஜீப்பில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மனதால் இடது பக்கம் தூக்கி வைத்துப் பார்த்தேன். பெடல் மூன்றும் கூடவே போக வேண்டும். வைப்பர் மடங்குகிற பக்கம் மாற வேண்டும். கண்ணாடி மாற வேண்டும். அடுத்த ஞாயிறு போன் வந்ததும் நானாகவே, "வைப்பரையும் மாத்தணும் இல்ல? அதான் லேட்டு" என்றேன். அவள் சிரித்தாள். "கிளட்ச் இல்லப்பா அதுல. கியரும் இல்ல" என்றாள். கிளட்சும் கியரும் இல்லாத வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கேட்கத்தான் முடியும். கேட்டேன். அவள் சொன்னாள். அம்மாவிடம் போன் போவதற்குள் சோறு ஆறிவிட்டது.

அப்படி ஆரம்பித்தது. களை எடுப்பு முடிந்து, சாமை அறுத்து, புளி உலுக்கி முடிகிற வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களுக்கு அந்த வண்டி இருந்தது. இந்த மாசம் ஆர்டர் திறப்பார்கள் என்பாள். அடுத்த மாசம், தள்ளிப்போய்விட்டது என்பாள். நிறம் மாற்றியிருக்கிறார்களாம், விலை இன்னும் சொல்லவில்லையாம். தள்ளிப்போனதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கும். நானும் "அடடா" என்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு வருத்தம் வரவில்லை. வண்டி வந்துவிட்டால் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கும்? மறுபடியும் "நல்லா கீறியா", "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்றாகிவிடும். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் சொன்னதிலேயே என்னை ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்தது ஒன்று. மலையிலிருந்து இறங்கும்போது அந்த வண்டி செலவழித்த கரண்ட்டில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளுமாம். வேகத்தை இழுத்துப் பிடிக்கிற வேலையே சார்ஜ் ஏற்றுகிற வேலையாகிவிடுமாம். நான் இத்தனை காலம் இந்த மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறேன். இறக்கம் எனக்குக் கொடுத்தது பிரேக் தீய்கிற நாற்றம்தான். ஏறுவது உழைப்பு, இறங்குவது தேய்மானம் என்றுதான் நினைத்திருந்தேன். இறங்கும்போதும் ஒன்று திரும்பி வந்து சேரும் என்றால் அது எப்படியிருக்கும் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்துக்கொள்வேன்.

வாய் தவறி இதை ஜீப் ஸ்டாண்டில் சொல்லிவிட்டேன். ஸ்டாண்டில் என் முறைக்கு அடுத்த முறை தன் ஜீப்பை எடுக்கிற டிரைவர் என்னை மாமா என்று கூப்பிடுகிறவன். டீயைக் கீழே வைத்தான்.

"இறங்குறப்ப டீசல் டேங்குக்குத் திரும்பி வந்துடுமா மாமா? அப்ப இன்னாத்துக்கு ஏறிக்கினு? இறங்கிக்கினே இருக்கலாமே."

"டீசல் இல்லடா. கரண்ட்டு."

"நம்ம வூட்டுல ஃபேன் ஓடவே கரண்ட்டு வர மாட்டேங்குது. மாமா காரே ஓட்டறாரு" என்றான். ஸ்டாண்டே சிரித்தது. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் "மாமா, கார் இறங்கிடுச்சா?" என்பது வழக்கமாகிவிட்டது.

பலா பழுக்கிற காலம் வந்தது. ஜீப் கூரையில் பலாப்பழம் அடுக்கிக் கட்டுகிற நாட்களில் ஒருநாள் போன். ஞாயிறு கூட இல்லை.

"ப்பா, வெள்ளிக்கிழமை ஆர்டர் தொறக்கறாங்க. இங்க மத்தியானம். உங்களுக்குக் காலைல ஆறு மணி இருக்கும். மொத லாட்டுல கொஞ்சம் வண்டிதானாம். முந்துறவங்களுக்குத்தான்."

"அப்ப சட்டுனு அழுத்திடு."

"நீ பூ கேட்டுடு. கேட்டதும் அழுத்தறேன்."

அவள் அதையெல்லாம் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். எங்கள் மலையில் மாடு வாங்கினாலும் பெண் எடுத்தாலும் வண்டி வாங்கினாலும் அம்மன் கோயிலில் பூ கேட்போம். இரண்டு பூவைத் தண்ணீரில் நனைத்து, அம்மன் கல்லின் இரண்டு பக்கத்திலும் ஒட்டி வைப்பார் பூசாரி. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். வலது பக்கத்துப் பூ விழுந்தால் செய்யலாம். இடது பக்கம் விழுந்தால் கூடாது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் காலையில் மட்டும்தான் கேட்பார்கள். இந்த ஜீப்பை வாங்கும்போது கேட்டோம். விழுந்த பூவை அவள்தான் எடுத்துவந்து ஜீப் கண்ணாடியில் செருகினாள். பள்ளிக்கூடம் போகாத வயது. அது அவளுக்கு நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடியும்போதே கோயிலுக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால் மாடு வாங்கப் பூ கேட்க ஒரு அம்மா வந்திருந்தார். அவருக்கு உடனே விழுந்துவிட்டது. ஆனாலும் போகாமல் உட்கார்ந்துகொண்டார். எனக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். ஸ்டாண்டில் முதல் ட்ரிப்பு அன்று என்னுடையது. ஆளைக் காணோம் என்று அந்த அடுத்த முறை டிரைவரும் தேடிக்கொண்டு வந்துவிட்டான்.

பூசாரி பூவை ஒட்டினார். "இன்னா கேக்கணும்?"

"வண்டி."

"இன்னொரு ஜீப்பா?"

"புள்ளைக்கு. கார்."

"வாயத் தொறந்து சொல்லுப்பா. ஆத்தாளுக்குக் காதுல வுழ வேணாமா? எங்க ஓடப்போவுது?"

"நியூசிலாந்து."

"அது எந்தப் பக்கம் கீது? கையக் காட்டு."

எனக்கும் தெரியாது. சூரியன் வருகிற பக்கம் என்று மகள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். நமக்கு முன்னால் அவளுக்கு விடிந்துவிடும். கிழக்கே பலா மரத்துப் பக்கம் கையைக் காட்டினேன்.

"மாமா, அது எங்க சித்தப்பா வூடு" என்றான் அவன். மாடு வாங்க வந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பூசாரி சிரிக்கவில்லை. "ஆத்தா, இந்த வூட்டுக்கு ஒரு காரு வரப்போவுது. வரட்டுமா?" என்று கேட்டார். காத்திருந்தோம். இரண்டு பூவும் அசையவில்லை. மறுபடியும் கேட்டார். அசையவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது.

"ப்பா, தொறந்துட்டாங்க. இன்னாச்சு?"

"இன்னும் வுழல. நீ அழுத்திடும்மா."

"வேணாம். விழட்டும். போன வெக்காத, அப்படியே கையில வெச்சிரு."

கீழே ஜீப் ஸ்டாண்டிலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். "நீ மொத ட்ரிப்ப எடுத்துக்கினு போ" என்றேன் அவனிடம்.

"முறைய வுட்டுக் குடுக்கிறியா? மாமா, ஒடம்பு நல்லாத்தான கீது?" என்று கேட்டான். கேட்டானே தவிர போகவில்லை.

பூசாரி தாடையைச் சொறிந்தார். "உன் வூட்டுக்கா வரப்போவுது அந்தக் காரு? அங்கதான நிக்கப்போவுது? நாம கேட்டதே தப்பு. அதான் ஆத்தா சும்மா கீறா. பெத்தவன் நீ கேளு. உள்ளது உள்ளபடி கேளு."

இத்தனை பேர் எதிரில் நான் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. கல்லுக்கு எதிரில் நின்றேன். போன் கையில் திறந்தே இருந்தது.

"ஆத்தா, எம் புள்ள அங்க ஒரு காரு வாங்குது. வாங்கினா அங்கியே இருந்துடும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. "வாங்கட்டுமா? அந்தக் காரு வந்துட்டாலும் ஞாயித்துக்கெழமன்னா அது எங்கூடப் பேசுமா?"

சிரிக்கக் காத்திருந்த டிரைவர் தரையைப் பார்த்தான். மாடு வாங்க வந்த அம்மா முந்தானையைக் கீழே விட்டார். பூசாரி என் தோளில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது.

"ஒரு பூவுக்கு ஒரு கேள்விதான்ப்பா. ரெண்டையும் சேத்துக் கேட்டா ஆத்தா எதுக்குன்னு பதில் சொல்லுவா? எது வேணுமோ அத மட்டும் கேளு."

எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் கிடைத்துவிடும் என்று கூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் அங்கே இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவள் அவள். பூ கேட்கச் சொன்னவளும் அவள். "அங்க எம் புள்ள காரு வாங்கட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வலது பக்கத்துப் பூ மெல்லக் கீழே நழுவி, கல்லின் இடுக்கில் ஒருமுறை தங்கி, விழுந்தது.

"வுழுந்துடுச்சு! வலப்பக்கம்!" என்று கத்தியது நான் இல்லை, அந்த டிரைவர்.

போனில் "சரிப்பா" என்று கேட்டது. பிறகு விரலால் தட்டுகிற சத்தம். பிறகு, "கெடச்சிருச்சு. மொத லாட்டுலயே" என்றாள். நான் "சரிம்மா" என்றேன். அம்மாவிடம் கொடுக்கலாம் என்றால் அவளும் பக்கத்தில் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

விழுந்த பூவை ஜீப் கண்ணாடியில் தொங்கவிட்டு, அன்று இரண்டாவது ட்ரிப்புதான் ஓட்டினேன். இறக்கத்தில் பிரேக் நாற்றம் வந்தது. நான் அம்மனிடம் கேட்ட இரண்டாவது கேள்வி மகள் காதில் விழுந்ததா என்று எண்ணிக்கொண்டே போனேன். போனைக் காதில் வைத்திருந்தவளுக்கு விழாமல் இருக்காது. விழுந்திருந்தால் வெட்கம். விழாமல் போயிருந்தால் அதுவும் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன் அடித்ததும் நான் எடுக்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டேன். உள்ளே மனைவி பேசிக்கொண்டிருந்தாள். காய்ச்சல், சம்பளம், சொந்தத்தில் ஒரு கல்யாணம். நான் முன் கண்ணாடியைத் துடைத்தேன். பக்கக் கண்ணாடியைத் துடைத்தேன். பேச்சு முடிகிற குரல் கேட்டது. பிறகு மனைவி வாசலுக்கு வந்தாள்.

"இந்தா. உன்னத்தான் கேக்குறா."

காரைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறாள், கப்பல் எப்போது, நம்பர் பலகை எப்போது என்று நினைத்துப் போனை வாங்கினேன்.

"ப்பா, இன்னிக்கு எத்தினி ட்ரிப்பு போன?"

இதுவரை அவள் இதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. "ஒண்ணுதான்" என்றேன். அவள் வைக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். அம்மன் கல்லுக்கு எதிரில் நாங்கள் காத்திருந்ததைப் போல.

"நெல்லிவாசல்காரர் ஒருத்தர் ஆடு ஏத்திக்கினு வந்தாரு" என்றேன். "பின்னாடி எடமே இல்ல. முன்சீட்ல வெச்சிக்கினாரு."

"உன் பக்கத்துலயா?"

"எம் பக்கத்துலதான். கியர் போடறப்ப எல்லாம் என் கைய மோந்து பாக்குது."

அவள் சிரித்தாள். அம்மாவுடன் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் இன்னா, மூணாவது வளைவுல கண்ணாடில தொங்கின பூவத் தின்னுடுச்சு."

மனைவி பக்கத்தில் வந்து போனுக்குக் கையை நீட்டினாள். எதையோ சொல்ல மறந்துவிட்டாளாம்.

"இரு" என்றேன்.