மைனஸ் மூன்றில் ஒரு மெட்டு

மனைவிக்குத் தைராய்டு ஆபரேஷன் என்று முடிவானபோது, குரல் மாறினாலும் மாறலாம் என்றார் டாக்டர். பட்டாசு ஆலைகள் நிறைந்த வெம்பக்கோட்டைப் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். தீக்காயக் கட்டைப் பிரிக்கையில் ஆள் கத்தாமலிருக்க அவளாக முனகி முனகி உண்டான ஒரு மெட்டு உண்டு. வார்த்தை சேர்த்துச் சர்ச்சிலும் பாடியிருக்கிறாள். ஆபரேஷனுக்குமுன் அது தாளில் ஏறிவிட வேண்டும் என்றாள்.

"நீயே போன்ல பாடி அனுப்பிரேன்" என்றேன்.

"பாடகர் குழுவுல ஆளுக்கொரு மெட்டாக்கிருவாக. நோட்ஸா எழுதிக் குடுங்க. பெரிய கீபோர்டு வித்வான்தான நீங்க?"

எனக்குத் தெரிந்தது வெள்ளைக் கட்டைகள் மட்டும். யார் எந்தச் சுருதியில் பாடினாலும், டிரான்ஸ்போஸ் பட்டனை ஏற்றி இறக்கிவிட்டு அதே வெள்ளைக் கட்டைகளில் விரலை ஓட்டுவேன். எங்கள் பக்கத்துச் சர்ச்சுகளில் பலர் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது. மனைவிக்கு மைனஸ் மூன்று, அதாவது மூன்று படி கீழே.

கீபோர்டை யூஎஸ்பி வயரில் கம்ப்யூட்டரோடு சேர்த்தேன். வாசிப்பதை நோட்ஸாக எழுதித் தரும் நொட்டேஷன் சாஃப்ட்வேர் அதைச் சீண்டவேயில்லை. மூடித் திறந்த பிறகுதான் பட்டியலில் அதன் பெயர் வந்தது. அமுக்கினால் கீபோர்டில் ஒரு சத்தம். அதைக் கேலி செய்வதுபோலச் சற்றுத் தாமதமாகக் கம்ப்யூட்டரில் இன்னொன்று. கீபோர்டின் வாயை அடைத்துவிட்டு வாசித்தேன். திரை முழுக்கக் கறுப்புக் கட்டைக்கான ஷார்ப் குறிகள், கருவேல முள் மாதிரி. மைனஸ் மூன்றை அது அப்படியே நம்பி எழுதியிருந்தது. பட்டனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வாசித்தேன். ஒரு முள் இல்லை. கீழே பாட்டு வரிகளையும் தட்டினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை.

அவளைக் கூப்பிட்டு, எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். கூடவே பாடினாள். மூன்றாம் வரியின் உச்சியில் குரல் உடைந்தது. கை கழுத்துக்குப் போயிற்று.

"பயப்படாத, என் கோளாறு. மூணு படி மேல எழுதிட்டேன்" என்று கீபோர்டின் வாயைத் திறந்து, பட்டனை மைனஸ் மூன்றுக்கு இறக்கி, நானே வாசித்தேன்.

அதே வரி, அதே இடம். அவளிடமிருந்து காற்று மட்டும் வந்தது.

"எப்பருந்து?"

"கொஞ்ச நாளாவே. இப்பல்லாம் கட்டுப் பிரிக்கும்போது வாயத் தொறக்கதில்ல."

"இன்னும் ரெண்டு எறக்கட்டா?"

"எனக்காக எறக்காதீக. பாடப்போறவுகளுக்குத் தோதா இருக்கட்டும்."

முள்ளில்லாத அந்தத் தாளையே பிரிண்ட் எடுத்தேன். வாங்கிப் பார்த்தவள், பேனாவைத் தேடி எடுத்து, மூன்றாம் வரிக்குமுன் சின்னதாக எழுதினாள்: 'இங்கே மூச்சு'.