கீபோர்டுக்காரரின் புது ஆல்பம்

தூத்துக்குடிப் பக்கம் மாதா கோவில் திருவிழாக் கச்சேரி என்றால் அந்தக் கீபோர்டுக்காரரின் குழுதான். நரைத்த முடியைப் பின்னால் கட்டியிருப்பார். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் கைக்குட்டையால் கீபோர்டின் கட்டைகளைத் துடைப்பார். கடற்காற்றின் உப்பு அவருக்கு ஜென்மப் பகை.

ஆட்டப் பாட்டுகளாகவே வாசித்துக் கிழடான அந்தக் குழு, கடைசியாக ஓர் ஆல்பம் வெளியிட்டது. கரை திரும்பாத படகுகள், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகள் என்று எல்லாப் பாட்டும் ஒரே இருட்டு. கேட்ட பிறகு எனக்கு வேறு எதையும் கேட்கப் பிடிக்கவில்லை.

ஒரு திருவிழாவில் அதன் முதல் பாட்டை வாசித்தார். பாதியிலேயே கமிட்டிக்காரர் மேடையேறிவிட்டார்.

"நல்லநாளும் அதுவுமா எழவுப் பாட்டு எதுக்கு அண்ணாச்சி? ஆடுத மாதிரி போடுங்க."

அவர் கீபோர்டில் முன்பே பதிந்து வைத்திருந்த பழைய ஆட்டப் பாட்டுக்குப் பொத்தானை அமுக்கினார். பெட்டி தானாக வாசித்தது. கீழே ஒரே விசில்.

மேடையோரம் நின்ற என்னிடம் குனிந்தார். "பாத்தியா தம்பி, நான் செத்தாலும் இது வாசிக்கும். ஒருத்தனுக்கும் தெரியாது."

"கையப் பாத்தா தெரியாதா அண்ணாச்சி?" என்றேன்.

உடனே எழுந்து நின்று, தான் வாசிக்கவில்லை என்று காட்ட இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். கைதட்டச் சொல்கிறார் என்று நினைத்து, மொத்தக் கூட்டமும் கைகளைத் தூக்கித் தட்டியது.

பாட்டு முடிந்ததும் கைக்குட்டையை எடுத்து, தொடவே தொடாத கட்டைகளைத் துடைத்தார். எதற்கென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.