கத்தி எடுத்தால் வரும் இருமல்

சலூன்காரரின் இருமலுக்கு நேரங்காலம் உண்டு. சும்மா இருக்கும்போது எட்டிப் பார்க்காது. சவரக்கத்தியை ஒருவர் கழுத்தில் வைத்த மறுகணம் நெஞ்சுக்குள் களகளவென்று கிளம்பும். கழுத்து அடுத்தவருடையதாயிற்றே! மூச்சைப் பிடித்து, மேலே வந்த சளியை அப்படியே விழுங்கிவிட்டு வேலையைத் தொடர்வார். அவரைப் பொறுத்தவரை அது தொழில் மரியாதை.

வைத்தியம் பார்க்காமலில்லை. ஒரு வைத்தியர் சூடு என்றார், இன்னொருவர் குளிர்ச்சி என்றார். இருவரையும் பகைத்துக்கொள்ள மனமில்லாமல் இரண்டுக்கும் மருந்து சாப்பிட்டார். மூன்றாமவர் சளியை வற்றவைக்க டானிக் எழுதித் தந்தார். வற்றியது பாட்டில்தான்.

மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கியபோதுதான் சிக்கல். பேத்தியைத் தூக்கக் கை நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. காசநோய் இல்லைன்னு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அப்புறம் நாள் பூரா நீங்களே வச்சுக்கங்க."

வாசற்படியிலிருந்தே பார்த்தார். பேத்தி கொட்டாவி விட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வேறு கதை சொன்னார். "சளி எதிரி இல்லைங்க. நுரையீரல் பெருக்கித் தள்ளுற குப்பை. வெளியே போகணும். நீங்க வாசல் வரைக்கும் வந்ததைத் திருப்பி உள்ளே அனுப்பிட்டிருக்கீங்க." ஆழத்திலிருந்து இருமித் துப்பச் சொல்லி ஒரு டப்பாவைக் கொடுத்தார்.

அன்று பார்த்து இருமல் வரவில்லை. மரத்தடியில் நின்று மூச்சை இழுத்தார், நெஞ்சைத் தட்டினார். லேப் பெண் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயா, இது எச்சில். எனக்குச் சளி வேணும்."

மறுநாளும் எச்சில்தான். அதற்கடுத்த முறை மனைவியும் கூட வந்தாள். கைப்பையிலிருந்து அவருடைய சவரக்கத்தியை எடுத்து நீட்டினாள். லேப் பெண் துள்ளி விலகினாள்.

"அம்மா, என்னது இது!"

"பயப்படாதம்மா. இவருக்கு இதான் இருமல் மருந்து." கணவர் பக்கம் திரும்பினாள். "என் கழுத்துன்னே நினைச்சுக்கங்க."

"உன் கழுத்துன்னா கை நடுங்கும்டி."

சொன்னவருக்கே சிரிப்பு வந்தது, கத்தியைப் பிரித்தார், கூடவே களகள. பழக்கதோஷத்தில் விழுங்கப் போனார்.

"முழுங்கினீங்க, பேத்தி கிடையாது!"

டப்பாவுக்கு வேண்டியது கிடைத்தது.

காசநோய் இல்லை. மூச்சுக்குழாயின் பழைய தொல்லைதான். தினமும் இருமித் துப்பிவிடுவதே பெரிய மருந்து என்றார் டாக்டரம்மா. ரிசல்ட் வந்த அன்றே பேத்தி அவர் மடிக்கு வந்தாள். வந்ததும் களகள. கத்தியே இல்லாமல்! குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி, தெருவுக்கே கேட்க இருமித் துப்பினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி நீட்டினார்.

"இதாம்பா மரியாதை," என்றாள் மகள்.

பேத்தி இன்னொரு கொட்டாவி விட்டாள்.